பாக்கெட் கடைசியில் எங்கே போகிறது? – கேள்வி பதில்

பிளாஸ்டிக் கழிவு எங்கே போய்ச் சேர்கிறது என்று கணக்கிட்டுப் பார்க்கும் மாதிரி (model) ஒன்றைப் போடுகிறீர்களாமே, ஐயா. ஒவ்வொரு பாக்கெட்டையும் பின்தொடர முடியுமா? (மாணவி, கோவை)

தேவையே இல்லை, அம்மா. உள்ளே போன எடை ஏதாவது ஒரு வாசல் வழியாக வெளியே வந்தாக வேண்டும்: மறுசுழற்சி, எரிஉலை, குப்பைக்கிடங்கு, திறந்தவெளி. ஒவ்வொரு கட்டத்திலும் நூற்றுக்கு எத்தனை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுதான் நாம் தேடும் எண். கட்டடக் குழாய் பல பத்தாண்டுகள் உழைக்கும். பாக்கெட்டின் ஆயுளோ பெரும்பாலும் ஓராண்டுக்குள் முடிந்துவிடும். ஆகவே இந்த ஆண்டு விற்றதையே இந்த ஆண்டுக் கழிவாக எடுத்துக்கொள்ளலாம்.

உலகில் 9 சதவீதம்தான் மறுசுழற்சியாகிறது என்கிறார்கள். ஐரோப்பாவில் சுமார் 40 என்கிறார்கள். யார் பொய் சொல்வது?

யாரும் இல்லை. 9 என்பது கையர், ஜாம்பெக், லா மூவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வின் எண். 2015 வரை உலகில் சேர்ந்த எல்லாப் பிளாஸ்டிக் கழிவுக்குமானது அது. 40 என்பது பாக்கெட், பாட்டில் மாதிரியான பொதிவுப் பிளாஸ்டிக்குக்கு மட்டும், ஓராண்டுக்கு மட்டும்.

அதைவிடப் பெரிய சூட்சுமம், தராசை எங்கே வைக்கிறோம் என்பது. பேச்சுக்கு 100 கிலோ கழிவு என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 கிலோ சேகரிப்புக்கு வருகிறது. தரம் பிரித்தபின் 45 மிஞ்சுகிறது. கழுவி, லேபிள், அழுக்கு, வேறு வகைப் பிளாஸ்டிக் எல்லாம் நீக்கினால் உருக்கும் இயந்திரத்துக்குப் போவது 32. அதே கழிவுக்கு 60 என்றும் சொல்லலாம், 32 என்றும் சொல்லலாம்! முன்பு பல ஐரோப்பிய நாடுகள் தரம்பிரிப்புக் கூடத்தின் வாசலிலேயே எடை போட்டுக் கணக்கை முடித்தன. 2020ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து, உருக்குவதற்குச் சற்று முன்புள்ள எடையே செல்லும் என்று விதி மாறியது. உடனே சில நாடுகளின் சதவீதம் இறங்கிவிட்டது. மறுசுழற்சிச் சதவீதம் எதைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது தராசு இருந்த இடத்தைத்தான்.

சிப்ஸ் பாக்கெட்?

மறுசுழற்சிப் பக்கம் பூஜ்யம் என்றே போடுங்கள். ஓரத்தைக் கிழித்து உள்பக்கம் பாருங்கள்: அச்சிட்ட படலம், வெள்ளிபோல் மின்னும் அலுமினியப் பூச்சு, சூட்டில் ஒட்டும் படலம், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பிரித்தெடுக்கும் செலவுக்குக் கட்டுப்படியாகாது. சேகரித்தாலும் பெரும்பாலும் சிமெண்ட் ஆலைச் சூளைக்குத்தான் எரிபொருளாகப் போகும். காயலான் கடைக்காரர் பால் பாக்கெட்டை எடுத்துக்கொள்வார், இதைத் தொடமாட்டார். நம் ஊரில் சேகரிப்பு விகிதத்தை அவருடைய விலைதான் தீர்மானிக்கிறது. ஐரோப்பிய விகிதங்களை அப்படியே இங்கே ஒட்டுகிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

எரித்தால் மின்சாரமாவது கிடைக்குமே?

கிடைக்கும். ஆனால் பால் பாக்கெட் செய்யும் பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீன் ஒரு கிலோ எரிந்தால் சுமார் 3.1 கிலோ கார்பன் டைஆக்சைடு வெளிவரும். அந்த மின்சாரம் நிலக்கரி மின்சாரத்துக்குப் பதிலாக வந்தால், மிச்சமாகும் கார்பன் கணக்கில் நல்ல வரவு. காற்றாலை மின்சாரத்துக்குப் பதிலாக வந்தால் வரவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. கார்பனை மட்டும் பார்த்தால் புதைப்பதே மேல் என்றுகூட விடை வரும், ஏனென்றால் மண்ணுக்குள் பிளாஸ்டிக் எளிதில் சிதையாது. குப்பைமேடு தீப்பற்றுவதும் காற்றில் பறந்து வாய்க்காலில் விழுவதும் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. அந்த விடையை நான் நம்பமாட்டேன்.

தரவே சரியாக இல்லாதபோது மாதிரி எதற்கு?

ஒற்றை எண் தராதீர்கள், வரம்பு தாருங்கள். 2010இல் நிலத்திலிருந்து கடலுக்குப் போன பிளாஸ்டிக் 48 லட்சம் முதல் 127 லட்சம் டன் என்றுதான் ஜாம்பெக் குழுவும் 2015இல் எழுதியது. எந்த விகிதத்தை அசைத்தால் விடை அதிகம் ஆடுகிறதோ, அதை மட்டும் நேரில் போய் அளந்து வாருங்கள். அளக்கும்போது கழிவை உலர்த்தி எடை போடுங்கள். மழைக்காலத்துக் கழிவில் தண்ணீரும் பிளாஸ்டிக்காகக் கணக்கேறிவிடும்.