மகளுக்கு வங்காளம் தெரியும் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்களே

கே.வி.குப்பம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா நீளமாக எழுதியிருக்கிறார். மகள் இரண்டு முறை நீட் எழுதியும் அரசு இடத்துக்கான மதிப்பெண் வரவில்லை. ஜார்ஜியாவில் எம்.பி.பி.எஸ். சேர்க்கலாம் என்று பெரியப்பா ஒரு ஏஜென்ட்டிடம் பேசி முடித்துவிட்டார். கிணற்றோடு இருக்கிற நிலத்தை அடமானம் வைக்கப் போகிறார்கள். "பொண்ணு வாயே திறக்க மாட்டேங்குது சார், எங்களுக்கும் ஒண்ணும் புரியல" என்று முடித்திருக்கிறார்.

எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொல்ல எனக்கு மனமில்லை அம்மா. நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசுவோம்.

ஏஜென்ட் சொல்லாமல் விட்ட கணக்கு இது. 2021-ல் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிப்படி வெளிநாட்டில் குறைந்தது 54 மாதம் படிக்க வேண்டும். அதே கல்லூரியில் 12 மாதம் பயிற்சி மருத்துவராக இருக்க வேண்டும். ஊர் திரும்பிய பிறகு 300க்கு 150 எடுத்தால்தான் தேர்ச்சி என்கிற தேர்வு, அதற்கும் மேல் இங்கே இன்னொரு பயிற்சிக் காலம். ஒவ்வொரு ஆண்டும் அந்தத் தேர்வு எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் தோற்கிறார்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கி சொத்து கேட்கும். பெண் தேர்ச்சி பெற்றாலும் பெறாவிட்டாலும் தவணை நிற்காது. அதைக் கட்டப்போவது பெரியப்பா இல்லை, நீங்களும் உங்கள் கணவரும்தான். குடும்பத்துக்கு ஒரு டாக்டர் வேண்டும் என்கிற அவருடைய ஆசையை நான் குறை சொல்லவில்லை. அந்த ஆசைக்கு உங்கள் நிலம் ஈடு ஆகக் கூடாது.

உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு வரி இருந்தது. வேலூர் காந்தி ரோட்டில் உங்கள் கணவர் நடத்தும் லாட்ஜில் விடுமுறைக்கெல்லாம் உட்கார்ந்து மகள் வங்காளம் பேசக் கற்றுக்கொண்டாள், சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்கு மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்து, மொழி தெரியாமல், கையில் ஃபைலோடு நிற்கிறவர்களிடம் அவளாகவே போய்ப் பேசியிருக்கிறாள். நீட் மதிப்பெண்ணை விட எனக்கு இதுதான் பெரிதாகப் பட்டது.

இந்தக் குணத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. நம் பக்கத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. மருத்துவ ஆராய்ச்சியில் கண்டுபிடித்ததைப் புலம்பெயர்ந்தவர்கள், அகதிகள், ஊர் விட்டு ஊர் வந்த தொழிலாளர்கள் ஆகியோரிடம் நடைமுறையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. ஆராய்ச்சி முடிந்து கட்டுரை வந்துவிட்டால் நோயாளிக்குப் பலன் கிடைத்துவிடும் என்று நினைக்கிறோம். கிடைப்பதில்லை. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டாவைரஸுக்கு எதிராக இந்தியாவில் உருவான சொட்டு மருந்தின் சோதனை நடந்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. 2016-ல் அது தேசியத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்தது. ஆனால் செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்தின் கைக்குழந்தைக்கு அந்தச் சொட்டு எந்த வாரம், எந்த ஊரில், யார் கையால் கிடைக்கும்? அதற்கு விடை தேடுவதே தனிப் படிப்பு, தனி வேலை.

கனடாவைப் பாருங்கள். அங்கே 2011-ல் புலம்பெயர்ந்தோருக்கும் அகதிகளுக்கும் என்றே ஆதாரங்களை அலசி மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிட்டார்கள். தெற்காசியாவிலிருந்து வந்தவர்களுக்கு 35 வயதுக்கு மேல் சர்க்கரை பரிசோதியுங்கள் என்று அதில் இருக்கிறது. டொரண்டோவில் இருக்கும் ஈழத் தமிழர்களுக்கும் அது பொருந்தும். இன்னொன்று என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. போரில் என்ன நடந்தது என்று அகதிகளிடம் வழக்கமாகத் துருவிக் கேட்காதீர்கள், கட்டாயப்படுத்திச் சொல்ல வைப்பது நன்மையை விடத் தீங்கே செய்யக்கூடும் என்கிறது. நல்ல எண்ணத்தோடு கேட்பதும் காயப்படுத்தும் என்பதை ஆராய்ச்சி செய்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆனால் வழிகாட்டுதல் இருந்து மட்டும் என்ன பயன்? 2012-ல் அதே நாட்டின் அரசு அகதிகளின் மருத்துவக் காப்பீட்டை வெட்டியது. வழக்கு நடந்து, 2016-ல்தான் முழுதாகத் திரும்ப வந்தது. மருந்து, மொழி, காசு, சட்டம் நான்கையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த ஆள் இந்தத் துறைக்கு வேண்டும்.

2016-ல் உலக சுகாதார நிறுவனம் ஐந்து அமர்வுகள் கொண்ட ஒரு மனநல உதவி முறையை வெளியிட்டது. மனநல மருத்துவர் இல்லாத இடங்களில், பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே அதை நடத்தலாம். பெஷாவரில் சோதித்தார்கள். ஜோர்டானில் சிரிய அகதிகளின் முகாமில் அதன் குழு வடிவத்தைச் சோதித்தார்கள். இப்படி ஒரு முறையை நம் மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் நடத்த வேண்டுமானால் எந்த நேரத்தில் பெண்கள் வருவார்கள், யார் நடத்தினால் பேசுவார்கள், ஆறு மாதம் கழித்தும் அது நடக்குமா என்று பார்க்க ஒருவர் வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பீகார் இளைஞருக்குக் காசநோய் என்றால் ஆறு மாத மாத்திரை. மூன்றாம் மாதம் அவர் ஊருக்கு ரயில் ஏறினால் சிகிச்சை அங்கே தொடர வேண்டும். அதற்கு நிக்ஷய் என்கிற பதிவு முறை இருக்கிறது. அவர் கிளம்பும் முன் அவரிடம் அவர் மொழியில் யார் பேசினார்கள் என்பதில்தான் எல்லாம் நிற்கிறது.

சரி, எப்படிப் போவது? இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று பி.எஸ்சி. நர்சிங். தமிழ்நாட்டில் +2 மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை. பொதுச் சுகாதார முதுகலையான எம்.பி.எச். நடத்தும் பல நிறுவனங்கள் இந்த நர்சிங் பட்டத்தை ஏற்கின்றன. இன்னொன்று, ஒரு இளங்கலை முடித்துவிட்டுச் சமூகப்பணி. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியிலேயே சமூகப்பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ. இருக்கிறது, பக்கத்து மாவட்டம்தான். எம்.பி.எச். படிக்க திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், சென்னையில் ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், புதுச்சேரி ஜிப்மர், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் ஆகியவை இருக்கின்றன. யார் விண்ணப்பிக்கலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும். இளங்கலையில் சேரும் முன்பே எந்தெந்தப் பட்டத்தை ஏற்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். மூன்று நான்கு வருடம் படித்த பிறகு வாசல் மூடியிருப்பது தெரிந்தால் யாரும் திறந்துவிட மாட்டார்கள்.

கசப்பான பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் சம்பளம் குறைவு. பல வேலைகள் ஒப்பந்தம்தான், திட்ட நிதி முடிந்தால் வேலையும் முடியும். 2025-ல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை வெட்டியபோது உலகம் முழுக்க இந்தத் துறையில் பலர் வேலை இழந்தார்கள். அதனால் புள்ளியியலை விடாமல் கற்கச் சொல்லுங்கள். தரவைக் கையாளத் தெரிந்தவர்களுக்கு மருத்துவமனை ஆராய்ச்சிப் பிரிவுகளிலும் அரசுத் திட்டங்களிலும் இடம் கிடைக்கும். ஒப்பந்தம் முடிந்து ஆறு மாதம் வீட்டில் இருக்க நேர்ந்தாலும் தலைமேல் கடன் இருக்காது. ஜார்ஜியாவையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மகளிடம் நேராகக் கேளுங்கள், பெரியப்பா இல்லாத நேரத்தில். டாக்டர் ஆக ஆசையா என்று கேட்காதீர்கள், அதற்கு அவள் பயந்து தலையாட்டுவாள். லாட்ஜில் எந்த நோயாளியை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாய், ஏன் என்று கேளுங்கள். பேசுவாள் என்றே நினைக்கிறேன். பேசினால், உங்கள் ஊரிலேயே 1977 முதல் நடக்கும் சி.எம்.சி.யின் கிராமப்புறச் சுகாதார, சமூகப் பணி மையமான ரூசாவுக்கு அழைத்துப் போங்கள். களப்பணி எப்படி நடக்கிறது என்று சில நாள் பார்க்க முடியுமா என்று அவளே கேட்கட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். புற்றுநோய், கருச்சிதைவு மாதிரிச் செய்திகளை மொழிபெயர்த்துச் சொல்ல லாட்ஜில் யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது. பயிற்சி இல்லாதவர் மொழிபெயர்த்தால் ஆபத்தான தவறுகள் அதிகம் வருகின்றன என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அந்தப் பாரம் அவள் வயதுக்கும் அதிகம். அதற்குப் பதில் வங்க எழுத்தை இந்த விடுமுறையிலேயே முறையாகக் கற்கச் சொல்லுங்கள். பேச்சு ஏற்கெனவே இருக்கிறது, எழுத்து வர அதிக நாள் ஆகாது.