இருபதில் ஒன்றை மட்டும் எழுதலாமா?
கடலூர் உப்பனாற்று நீரில் மழைக்கு முன்னும் பின்னும் 20 அளவுகளை ஒப்பிட்டதில் ஈயத்துக்கு மட்டும் பி மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாகத் தெரிய உள்ள வாய்ப்பு) 0.04 வந்தது, அதை மட்டும் எழுதச் சொல்கிறார் ஆய்வு வழிகாட்டி என்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உண்மையில் எந்த வேறுபாடுமே இல்லாவிட்டாலும், ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளில் ஒன்றாவது 0.05 என்ற வழக்கமான எல்லைக்குக் கீழே வர சுமார் 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது, அதனால் அந்த ஈயம் வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். அந்த ஆற்று மீனைச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், இதில் விளையாடக் கூடாது. அந்த எல்லையைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுக்கும் போன்ஃபெரோனி திருத்தப்படி எல்லை 0.0025, உங்கள் 0.04 பக்கத்தில்கூட வராது. இருபதையும் ஒரே அட்டவணையில் போடுங்கள். வழிகாட்டி தயங்கினால் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் 2016 அறிக்கையைக் காட்டுங்கள், எத்தனை கருதுகோள்களை ஆராய்ந்தோம் என்பதை வெளியிட வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. அப்புறம், ஈயத்தின் மேல் சந்தேகம் இருந்தால் அடுத்த பருவமழையை ஒட்டிப் புதிய மாதிரிகள் எடுத்து அதை மட்டும் சோதியுங்கள்.