மருந்து போட்டும் தெள்ளு போகவில்லையே?

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு வயது நாட்டு நாய் ஒன்று இருக்கிறது. மழை தொடங்கியதிலிருந்து உடம்பெல்லாம் தெள்ளு. வேப்பெண்ணெய் தடவினோம், தினமும் ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டுகிறோம், தெரிந்தவர் ஒருவர் வந்து ஊசியும் போட்டுவிட்டுப் போனார். இரண்டு நாள் குறைகிறது, மறுபடி வந்துவிடுகிறது. போன வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால் கூடத்தில் கால் வைக்க முடியவில்லை, அத்தனையும் காலில் ஏறுகிறது. மூன்று வயதுக் குழந்தையின் காலெல்லாம் தடிப்பு. பக்கத்து வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து நாய் மேல் ஊற்றினால் போய்விடும் என்கிறார்கள். நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார் மாமியார். என்ன செய்வது டாக்டர்?
— தஞ்சாவூர் மாவட்ட வாசகி

பதில்: முதலில் அந்தப் பூச்சிமருந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன் அம்மா. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். பயிருக்கு அடிக்கும் மருந்துகள் பல தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கக்கூடியவை. நாய் உடம்பை நக்கும்போது வாய் வழியாகவும் போகும். எச்சில் வடிந்து, உடம்பு நடுங்கி, வலிப்பு வந்து மருத்துவமனைக்குத் தூக்கி வரப்படும் நாய்களை டெல்டா பகுதியில் வேலை பார்க்கும் எந்தக் கால்நடை மருத்துவரும் பார்த்திருப்பார். எல்லாவற்றையும் காப்பாற்ற முடிவதில்லை. அந்த நாயைக் கட்டிப்பிடித்து விளையாடும் குழந்தைக்கும் அதே ஆபத்து உண்டு. யாராவது ஏற்கெனவே ஊற்றியிருந்தால், கையுறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டு, அந்த மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். இவ்வளவு செய்தும் ஏன் போகவில்லை என்பது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நாய் மேல் ஓடும் தெள்ளு நம் கண்ணில் படுகிறது. ஆனால் ஒரு வீட்டில் இருக்கும் மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில் நாய் மேல் இருப்பவை ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்துதான். மீதி எல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் உங்கள் வீட்டுத் தரையில் இருக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாய் மேல் ஏறி இரத்தம் குடித்த ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கிவிடும். நன்றாக இடும் காலத்தில் ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது வரை இடும். அந்த முட்டைகள் முடியில் ஒட்டிக்கொள்வதில்லை. நாய் எங்கே படுக்கிறதோ, எங்கே நின்று சொறிகிறதோ, அங்கே உதிர்ந்துவிடும். அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்தைக் கண்டு விலகி, கட்டிலடி, தரை வெடிப்பு, மாடிப்படிக்குக் கீழே, சாக்கு மடிப்பு என்று இருட்டாகப் பார்த்து ஒதுங்கும். மேலேயிருந்து உதிரும் தெள்ளின் கழிவு, அதாவது காய்ந்த இரத்தம், அதுதான் அந்தப் புழுவுக்கு முக்கியமான தீனி. காற்றில் ஈரம் இருந்தால்தான் அது பிழைக்கும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் உங்கள் ஊரில் இது பெருகுவதற்குக் காரணம் அந்த ஈரம்தான்.

புழு வளர்ந்ததும் பிசுபிசுப்பான ஒரு கூடு கட்டி அதற்குள் போய்விடும். மண்ணும் தூசியும் அதன் மேல் ஒட்டிக்கொள்வதால் பார்த்தாலும் அடையாளம் தெரியாது. கடையில் வாங்கி அடிக்கும் பூச்சிமருந்து கூட்டுக்குள் இருப்பதைப் பெரும்பாலும் கொல்வதில்லை. கூட்டுக்குள் முழுதாக வளர்ந்த பிறகும் அது உடனே வெளியே வந்தாக வேண்டும் என்பதில்லை. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். காலடி அதிர்வு, உடம்புச் சூடு, மூச்சுக்காற்று இவற்றில் ஏதாவது பட்டால் சட்டென்று கூட்டை உடைத்துக்கொண்டு பாயும். நீங்கள் பூட்டிவிட்டுப் போன நாட்கள் முழுக்க அவை உள்ளே தயாராகக் காத்திருந்திருக்கின்றன. கதவைத் திறந்து நீங்கள் நடந்ததும் ஒரே சமயத்தில் வெளியே வந்துவிட்டன.

மாமியாரிடம் நீங்கள் சொல்ல வேண்டியதும் இதிலேயே இருக்கிறது. ஒரு தடவை நாய் மேல் ஏறிவிட்ட தெள்ளு பெரும்பாலும் அதன் உடம்பிலேயே தங்கிவிடும், இறங்கி வந்து உங்களைத் தேடிக் கடிப்பதில்லை. உங்கள் காலில் ஏறுபவை தரையில் அப்போதுதான் கூட்டை விட்டு வந்தவை. நாயைக் கொண்டுபோய் விட்டுவிட்டால் அவற்றுக்கு ஏறிக் கடிக்க வீட்டில் இருப்பது நீங்களும் குழந்தையும்தான். அதற்குப் பதிலாக, நல்ல மருந்து கொடுத்த நாய் வழக்கம்போல வீட்டுக்குள் சுற்றி வரட்டும். தரையிலிருந்து வரும் புதுத் தெள்ளு அதன் மேல் ஏறும், இரத்தம் குடிக்கும், முட்டையிடுவதற்கு முன்பே செத்துப்போகும். வீட்டைச் சுத்தப்படுத்தப் போவதே உங்கள் நாய்தான். அதைத் துரத்திவிட்டால் வேலை கெட்டுவிடும். பாவம், தெருவில் விடப்பட்ட வீட்டு நாய் என்ன பாடுபடும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அது தெள்ளுதானா, உண்ணியா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். தெள்ளு இரண்டு மில்லிமீட்டர் அளவில், பழுப்பு நிறத்தில், பக்கவாட்டில் தட்டையாக இருக்கும், முடிக்குள் வேகமாக ஓடும், குதிக்கும். உண்ணி குதிக்காது. தோலைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடித்து உப்பும். பேன் சீப்பால் வால் தொடங்கும் இடத்தில் முதுகை வாருங்கள். கறுப்புத் துகள் வந்தால் ஈரமான வெள்ளைப் பஞ்சில் வைத்துப் பாருங்கள். சிவந்த பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு, வெறும் மண் என்றால் அப்படிக் கரையாது. இரண்டு பூச்சியும் சேர்ந்தே இருக்கும் நாய்களும் நம் ஊரில் நிறைய. உண்ணி இருந்து, நாய் சாப்பிடாமல் சோர்ந்து காய்ச்சலோடு இருந்தால் இரத்தப் பரிசோதனை தேவைப்படும், தள்ளிப்போடாதீர்கள்.

மருந்து விஷயத்தில் இன்று நமக்கு நல்ல காலம். நான் படித்த நாட்களில் பவுடரும் குளியல் மருந்தும்தான். இப்போது மாத்திரையாகவே கொடுக்கலாம். அஃபாக்சோலானர், சரோலானர் என்பவை மாதம் ஒரு முறை. ஃப்ளூராலானர் ஏறக்குறைய மூன்று மாதம் வேலை செய்யும். சாப்பாட்டோடு கொடுத்த சில மணி நேரத்தில் தெள்ளு சாகத் தொடங்கும். பெரும்பாலான உண்ணிகளுக்கும் இதுவே மருந்து. பிடரியில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் இருக்கிறது. அது தோலின் எண்ணெய்ப் பசையோடு பரவி வேலை செய்வது. போடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் நாயைக் குளிப்பாட்டக் கூடாது. நீங்கள் தினமும் ஷாம்பூ போடுபவர் என்பதால் உங்கள் நாய்க்கு மாத்திரையே பொருத்தம் என்று நினைக்கிறேன். தினசரி ஷாம்பூவையும் நிறுத்திவிடுங்கள், தோல் வறண்டு அரிப்பு இன்னும் கூடும்.

மாத்திரையை நாயின் எடை பார்த்துத்தான் வாங்க வேண்டும். பெரிய நாயின் மாத்திரையை உடைத்துப் பங்கு போடாதீர்கள். இதற்கு முன் வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இந்த வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கமோ வலிப்போ வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்திருக்கிறது. அப்படி நடப்பது அரிது. ஆனாலும் மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து இது, கடைக்காரர் யோசனையில் வாங்க வேண்டியது அல்ல. பக்கத்தில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கும், உங்கள் மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்தவர் போட்டுவிட்டுப் போன ஊசி ஐவர்மெக்டினாக இருக்கலாம். சொறிக்கும் சில வகைப் புழுவுக்கும் நல்ல மருந்து, தெள்ளுக்கு அதை நம்பிப் பயனில்லை. கோலி போன்ற சில இன நாய்களுக்கு உயிருக்கே ஆபத்து. என்ன மருந்து என்று தெரியாமல் இனி யாரையும் ஊசி போட விடாதீர்கள். வேப்பெண்ணெய் கெடுதல் என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் விரட்டும், ஆனால் இவ்வளவு பெருகிய தெள்ளை ஒழிக்க அதற்குச் சக்தி போதாது. பூண்டு கொடுத்தால் தெள்ளு வராது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பூண்டும் வெங்காயமும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும், நக்கினால் நுரையீரலுக்கும் போகும்.

வீட்டுக்கு வந்துபோகும் பூனை உண்டா? கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை, ஆனால் நம் பக்கத்து வீடுகளில் பால் வைத்தால் வரும் பூனை ஒன்று அநேகமாக இருக்கும். நாய்களிடம் நாம் பார்க்கும் தெள்ளில் பெரும்பகுதி பூனைத் தெள்ளு வகையைச் சேர்ந்ததுதான். வீட்டில் புழங்கும் எல்லாப் பிராணிக்கும் ஒரே சமயத்தில் மருந்து கொடுக்காவிட்டால் நாய்க்குக் கொடுத்தது வீண். பூனைக்குப் பூனை மருந்தை மட்டுமே போடுங்கள். நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளிலும் ஷாம்பூக்களிலும் பெர்மெத்ரின் இருக்கும். அது சிறிதளவு பட்டாலே பூனையைக் கொன்றுவிடலாம்.

இப்போது வீடு. நாய் படுக்கும் கோணிச் சாக்கை எடுத்து எரித்துவிடுங்கள் அல்லது கட்டிக் குப்பையில் போடுங்கள், உதறாதீர்கள். இனி பழைய பருத்திப் புடவையை மடித்துப் போடுங்கள். வாரம் ஒரு முறை கொதிக்கும் தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து மொட்டை மாடியில் நல்ல வெயிலில் காயப்போடலாம். மழை நாளில் வெயில் கிடைக்காது, அப்போது வெந்நீர்தான் துணை. மிதியடி, சோபா உறை, குழந்தையின் பாய், எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்.

தரையை ஒவ்வொரு நாளும் கூட்டுங்கள். கட்டிலையும் பீரோவையும் நகர்த்தி அடியில் கூட்டுவதுதான் முக்கியம், கூடத்தின் நடுவில் முட்டை அதிகம் தங்குவதில்லை. வேக்குவம் கிளீனர் கிடைத்தால் மிகவும் நல்லது. முட்டையை உறிஞ்சிவிடும், அதன் அதிர்வில் கூட்டுக்குள் இருப்பதும் வெளியே வந்து மருந்து கொடுத்த நாய் மேல் ஏறும். உறிஞ்சிய குப்பையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி உடனே வெளியேற்றுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்து, மின்விசிறியைப் போட்டுத் தரையை நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் தங்கினால் புழு பிழைத்துக்கொள்ளும். பழைய சிமென்ட் தரையாக இருந்து வெடிப்பு இருந்தால் பூசி அடைத்துவிடுங்கள், ஒருநாள் கொத்தனார் வேலைதான். திண்ணை ஓரம், விறகு அடுக்கு, கார் நிற்கும் இடத்து மணல், இவையும் நாய் படுக்கும் இடமானால் கணக்கில் சேரும். வெயில் விழும் வெட்டவெளி முற்றத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அங்கே புழு உயிரோடு இருக்காது.

இத்தனைக்கும் பிறகு மருந்து அடிக்க வேண்டும் என்றால் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களைக் கூப்பிட்டு, வளர்ந்த தெள்ளைக் கொல்வதோடு முட்டையையும் புழுவையும் வளரவிடாமல் தடுக்கும் மருந்தும் சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள். மெத்தோப்ரீன், பைரிப்ராக்சிஃபென் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அடிக்கும்போதும் தரை முழுதாகக் காயும்வரையும் குழந்தை, நாய், பூனை யாரும் உள்ளே இருக்கக் கூடாது. மீன் தொட்டி இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள்.

இனிமேல்தான் உங்களுக்குப் பொறுமை வேண்டும். மாத்திரை கொடுத்து இரண்டு, மூன்று வாரம் ஆன பிறகும் நாய் மேல் தெள்ளைப் பார்ப்பீர்கள். சில சமயம் முன்பைவிட அதிகமாகக்கூடத் தெரியும். மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டி விட்டுவிடாதீர்கள். அவை பழைய கூடுகளிலிருந்து வரும் கடைசி அணிகள். பெரும்பாலானவர்கள் இந்தக் கட்டத்தில்தான் சலித்துப்போய் மருந்தை மாற்றுகிறார்கள், நாயைத் துரத்துகிறார்கள், வயல் மருந்தைக் கையில் எடுக்கிறார்கள். மூன்று மாதம் இடைவெளி விடாமல் கொடுங்கள். மாதாந்திர மாத்திரை என்றால் அடுத்து எந்தத் தேதி என்று காலண்டரில் குறித்துவையுங்கள். குளிரால் தெள்ளு ஒழியும் பருவம் நமக்குக் கிடையாது. ஆகவே முடிந்தவர்கள் வருடம் முழுக்கவே தருவது நல்லது.

தெள்ளு போன பிறகும் நாய் வால் பக்கத்தைக் கடித்துக்கொண்டே இருந்தால், முடி கொட்டிப் புண்ணாகியிருந்தால், அது தெள்ளின் எச்சிலுக்கு வந்த ஒவ்வாமை. அந்த ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு தெள்ளு கடித்தாலே போதும், நாள் முழுக்கச் சொறியும். அரிப்புக்கும் சீழுக்கும் தனி மருந்து தேவைப்படும். வீட்டில் இருக்கும் தோல் களிம்பைத் தடவாதீர்கள், நக்கிவிடும். ஆசனவாய் ஓரத்திலோ படுக்கையிலோ வெள்ளரி விதை போல வெள்ளையாக ஏதாவது நெளிந்தால் அது நாடாப்புழு. நாய் கடித்து விழுங்கும் தெள்ளின் வழியாகத்தான் அது வயிற்றுக்குள் போகிறது. பிராசிக்வான்டெல் கொடுத்தால் சரியாகும். குழந்தை தற்செயலாகத் தெள்ளை விழுங்கினால் அதற்கும் வரலாம் என்பதால், நாயோடு விளையாடிய பிறகு கை கழுவிவிட்டுச் சாப்பாடு கொடுங்கள்.

குழந்தையின் காலில் உள்ள தடிப்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, காலமைன் தடவுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், சொறிந்து புண்ணாகாமல் இருக்கும். சில நாட்களில் மங்கிவிடும். காய்ச்சல், தலைவலி, உடம்பில் சிவந்த புள்ளிகள் என்று ஏதாவது வந்தால் உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் தெள்ளு இருப்பதையும், எலி நடமாட்டம் இருந்தால் அதையும் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். தெள்ளு பரப்பும் ஒருவகை டைஃபஸ் காய்ச்சல் உண்டு. அதைச் சந்தேகித்தால்தான் அதற்குரிய மருந்தை அவரால் நேரத்தோடு தொடங்க முடியும்.