கணக்கெடுப்புத் தாள்களை எப்போது திறக்கலாம்? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் 1950-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் இப்போது இணையத்தில் யாரும் பார்க்கும்படி கிடைக்கின்றன. நியூஜெர்சியில் என் மகளின் அண்டைவீட்டுக்காரர் தம் தாத்தாவின் பெயர், வயது, தொழில், தெரு எல்லாவற்றையும் சிறிது நேரத்தில் தேடி எடுத்துக் காட்டினார். 1921-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் என் கொள்ளுத்தாத்தாவைத் தேட விரும்பினால் இந்தியாவில் அதற்கு வழியே இல்லை என்கிறார்கள். இறந்தவருக்கு ஏது அந்தரங்கம்? நம் அரசும் எழுபத்திரண்டு ஆண்டுகள் கழித்துத் தாள்களைத் திறந்துவிட்டால் யாருக்கு என்ன நட்டம்?

கே. எஸ்., கும்பகோணம்

அன்புள்ள கே. எஸ்.,

உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் எழுதப்பட்ட தாள் ஏதோ ஓர் அலுவலக அலமாரியில் பூட்டப்பட்டிருக்கிறது என்று நினைத்துக் கேட்கிறீர்கள். அந்தத் தாள் அநேகமாக இன்று உலகில் எங்குமே இல்லை. ஆங்கிலேயர் காலக் கணக்கெடுப்பில் வீடுவீடாக எழுதிய விவரங்களைச் சிறு சீட்டுகளில் பெயர்த்தெழுதி, சீட்டுகளை வகைவாரியாகப் பிரித்து எண்ணி, அட்டவணைகளை அச்சிட்டார்கள். எண்ணி முடித்த பிறகு வீட்டுத் தாள்களைக் கழித்துவிடுவதே பொதுவான நடைமுறை. தஞ்சை மாவட்டத்தில் எந்தச் சாதியார் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது என்பதெல்லாம் அந்தத் தடித்த தொகுதிகளில் உண்டு. அந்த எண்ணிக்கைக்குள் அடங்கிய ஆள் யார் என்பது இல்லை. விடுதலைக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கணக்கெடுப்புப் பதிவுகளைப் பார்வையிடும் உரிமை எவருக்கும் இல்லை என்றும், அச்சட்டத்தின்படி தொடரப்படும் குற்ற வழக்கைத் தவிர வேறு வழக்குகளில் அவற்றைச் சான்றாகக் காட்ட முடியாது என்றும் சொல்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கலாம் என்ற கெடு அதில் எங்கும் குறிக்கப்படவில்லை.

அமெரிக்காவின் எழுபத்திரண்டு ஆண்டு என்பதும் ஆழ்ந்த தத்துவ விவாதத்தில் பிறந்ததன்று. 1952-இல் கணக்கெடுப்புத் துறையின் இயக்குநரும் தேசிய ஆவணக் காப்பகத்தின் தலைவரும் எழுதிக்கொண்ட கடிதங்களில் முடிவான ஏற்பாடு அது, 1978-இல்தான் சட்டமாயிற்று. அதன்படியே 1950-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரல் 1 அன்று வெளியாயின. பிரிட்டனில் வழக்கம் நூறு ஆண்டுகள், கனடாவில் தொண்ணூற்றிரண்டு. இறந்தவருக்கு அந்தரங்கம் இல்லை என்பதே இந்த ஏற்பாடுகளின் அடிப்படை என்றால், எண்பது வயதில் ஒருவர் தம் குழந்தைப் பருவத் தாளை இணையத்தில் காண்பதை அமெரிக்க ஏற்பாட்டைக் கொண்டு விளக்க முடியாது. பதில் சொன்னவரிடம் கொடுத்த வாக்கு எவ்வளவு காலம் செல்லும் என்பதைத்தான் ஒவ்வொரு நாடும் ஒரு கெடுவாக வகுத்திருக்கிறது.

பிரிட்டனில் 1911-ஆம் ஆண்டுத் தாள்களுக்கு நேர்ந்தது எனக்கு மிகவும் பிடித்தமான வரலாறு. அந்தக் கணக்கெடுப்பை நடத்திய சட்டத்தில் நூறு ஆண்டு மூடிவைக்க வேண்டும் என்ற விதி இல்லாததால், தகவல் அறியும் சட்டத்தின்கீழ் ஒருவர் கேட்க, 2006-இல் தகவல் ஆணையர் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2009 ஜனவரியில், உரிய காலத்துக்கு முன்பே, தாள்கள் இணையத்துக்கு வந்தன. ஆனால் தாளில் ஒரு கேள்விக்கான பதில்கள் மேலிருந்து கீழாக எழுதப்பட்ட ஒரே ஒரு பத்தியை மட்டும் மறைத்துவிட்டு வெளியிட்டார்கள். பார்வையற்றவர், காது கேளாதவர், மனநலம் குன்றியவர் என்று குடும்பத்தலைவர் எழுதிய குறைபாட்டுப் பத்தி அது. சிறையில் தாயோடு இருந்த கைக்குழந்தைகளின் விவரத்தையும் மறைத்தார்கள். இரண்டும் 2012 ஜனவரியில்தான் திறந்தன. தாள் முழுவதையும் ஒரே பூட்டால் பூட்ட வேண்டியதில்லை, ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனிக் கெடு வைக்கலாம் என்பதை நடைமுறையில் செய்து காட்டிய முன்மாதிரியாக நான் இதைக் கருதுகிறேன்.

பூட்டு யாருக்கு எதிராக என்ற கேள்வி இதைவிடப் பெரியது. 1940-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது, சொல்லும் விவரங்களால் எவருக்கும் தீங்கு வராது என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவரே அறிக்கை விட்டார். இரண்டே ஆண்டுகளில், 1942 மார்ச்சில், போர்க்காலச் சட்டமொன்று அந்தக் காப்பைத் தளர்த்தியது. ஜப்பானிய வம்சாவளியினர் எந்தெந்தத் தெருப்பகுதியில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்ற கணக்கு ராணுவத்தின் கைக்குச் சென்றது. மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 1943-இல் வாஷிங்டன் பகுதியில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சிலரின் பெயர்களும் முகவரிகளுமே இன்னோர் அரசுத் துறைக்குக் கொடுக்கப்பட்டதை 2007-இல் இரண்டு ஆய்வாளர்கள் ஆவணச் சான்றோடு வெளியிட்டார்கள். பொதுமக்கள் எட்டிப் பார்க்காமல் எழுபத்திரண்டு ஆண்டு காத்த அதே பெட்டியை அரசு தேவைப்பட்டபோது முன்வாசல் வழியாகவே திறந்திருக்கிறது. குடும்ப வரலாறு தேடும் முதியவர்களை நினைத்துத் தனியுரிமைக்காகக் கவலைப்படுபவர்கள் தவறான திசையில் காவல் நிற்கிறார்கள் என்பது என் எண்ணம்.

இறந்தவருக்கு ஏது அந்தரங்கம் என்று கேட்டிருந்தீர்கள். சட்டம் ஏறத்தாழ உங்கள் பக்கம்தான். ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவதை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தொடுத்த வழக்கில், ஒருவரின் தனியுரிமை அவரோடு முடிந்துவிடுகிறது, வாரிசுகள் அதைச் சொத்தைப்போல் கோர முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் கூறியது. நம் ஊர்க் கணக்கெடுப்புத் தாளுக்கு இந்த வாதம் ஓரளவுக்கு மேல் பொருந்தாது. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் வயதும் தொழிலும் அவரோடு போயின. சாதி என்று எழுதப்பட்டது அவரோடு போகவில்லை. கிராமத்தின் பெயரோடும் தெருவின் பெயரோடும் வெளிவரும் 1921-ஆம் ஆண்டுச் சாதிப் பத்தி, இன்று அதே தெருவில் வாடகைக்கு வீடு தேடுகிற, பெண் கேட்கப் போகிற, சென்னைக்கு வந்து சாதியைச் சொல்லாமல் வாழ முடிவெடுத்த ஒருவரைப் பற்றிய தகவல்தான். எழுபத்திரண்டு ஆண்டு போதுமா, நூறு போதுமா என்ற கேள்விக்கு அந்தப் பத்தியைப் பொறுத்தவரை என்னிடம் உள்ள நேர்மையான பதில், இரண்டும் போதாது என்பதே.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான சான்று ஒன்று உண்டு. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய 1,52,184 பேரின் பட்டியல்கள் இன்று ஆய்வாளர்களும் வம்சாவளியினரும் பார்க்கும்படி இருக்கின்றன. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம் எல்லாம் அவற்றில் உண்டு. டர்பனில் வாழும் தமிழர் ஒருவர் தம் கொள்ளுப்பாட்டி வட ஆற்காட்டின் எந்தக் கிராமத்திலிருந்து சென்றார் என்பதை அந்த ஒற்றை வரியிலிருந்துதான் அறிய முடியும். அந்தத் திறப்பை எவரும் குறைசொல்ல மாட்டார்கள். கடல் கடந்தவர்களின் பட்டியல் அது, பேரர்கள் இன்று வாழ்வது வேறொரு சமூகத்தில். அதே பட்டியல் வட ஆற்காட்டிலேயே தங்கிவிட்டவர்களைப் பற்றியதாக இருந்திருந்தால், கிராமப் பத்தியைத் திறந்து சாதிப் பத்தியை மூடச் சொல்லியிருப்பேன்.

2027-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருப்பதால் இது வெறும் பழங்கதையன்று. முழுமையான சாதி அட்டவணைகள் கடைசியாக வெளியானது 1931-இல். இம்முறை தாளுக்குப் பதில் கைப்பேசிச் செயலி என்பதால், கழித்துவிடும் பழைய வழக்கம் தானாக நடக்காது. எதை வைப்பது, எதை அழிப்பது என்பதை யாரேனும் முடிவுசெய்தாக வேண்டும். ஆஸ்திரேலியா நெடுங்காலம் படிவங்களை அழித்துவந்து, 2001-லிருந்து சம்மதித்தவர்களின் பெயர் விவரங்களை மட்டும் தொண்ணூற்றொன்பது ஆண்டுக்குப் பாதுகாக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. நம் வீடுகளில் மருமகளுக்கும் சேர்த்துச் சம்மதம் சொல்லப்போவது மாமனார்தான். கனடாவும் சில கணக்கெடுப்புகளில் சம்மதம் கேட்டுப் பார்த்துவிட்டு, 2021 முதல் அதைக் கைவிடும்படி 2017-இல் சட்டத்தைத் திருத்தியது. பெயர், வயது, ஊர், தொழில் ஆகியவற்றை நூறு ஆண்டுக்குப் பின் திறப்பதாக இப்போதே சட்டத்தில் எழுதலாம். சாதியைப் பெயரிலிருந்து பிரித்து, அட்டவணைக்கான எண்ணாக மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டையும் இணைக்கும் தொடர்பை எண்ணி முடித்ததும் அழிக்கலாம். அந்த நூறு ஆண்டுக்குள் எந்தத் துறையும், எந்த நெருக்கடியின் பெயராலும், தனியொருவரின் பதிவைக் கேட்டுப் பெற முடியாது என்பதும் அதே சட்டத்தில் இருக்க வேண்டும். சட்டத்தைத் திருத்திவிடலாமே என்பீர்கள்; திருத்தலாம், 1942-இல் திருத்தினார்கள். ஆனால் ஏற்கெனவே அழித்த தொடர்பைத் திருத்தத்தால் மீட்க முடியாது.

உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு வருவோம். குடும்பத்துக்கு நிலம் இருந்திருந்தால், நில அளவை முடிந்து எழுதப்பட்ட செட்டில்மெண்ட் பதிவேட்டில் சர்வே எண்ணுக்கு நேராகப் பட்டாதாரர் பெயர் இருக்கும். பழைய பதிவேடுகளைச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறையிலும் கேட்டுப் பாருங்கள். சொத்து கைமாறியிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர நகல் கிடைக்கலாம். பழைய பத்திரங்களில் தந்தை பெயரும் ஊரும் தவறாமல் எழுதியிருப்பார்கள். கும்பகோணம் அந்தக் காலத்திலேயே நகராட்சி என்பதால் பிறப்பு இறப்புப் பதிவேட்டையும் விடாதீர்கள். ஆண்டு தோராயமாகத் தெரிந்தாலே தேடச் சொல்லலாம்.