தோற்ற ஆட்டத்தையும் எழுதி வையுங்கள்: போக்கிமான் கேள்வி பதில்

இரண்டு வாரமாக நம் பக்கத்துத் தம்பி தங்கைகள் கேட்டுக்கொண்டே இருந்ததால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். போக்கிமான் என்ற பிராணிகளைப் பிடித்து, ஒன்றோடொன்று மோதவிடும் வீடியோ கேம் இது. ஒவ்வொன்றுக்கும் ஒரு டைப் (ராக், கோஸ்ட் மாதிரி இனம்) இருக்கும், அது போடும் அடிக்கோ வித்தைக்கோ மூவ் என்று பெயர். எந்த டைப் அடி எந்த டைப்பில் விழுகிறது என்பதைப் பொறுத்துப் பாதியாகவோ, இரண்டு மடங்காகவோ, படாமலோ போகும். கேள்விகள் எல்லாம் கம்ப்யூட்டர் எதிராளியிடம் மாட்டிக்கொண்டது பற்றித்தான். பெரியப்பா பினாங்கிலிருந்து ஒரு கேம்பாய் கொண்டுவந்து கொடுத்த வருஷத்திலிருந்து, கோடை விடுமுறை முழுக்க வளவில் ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சியில் படுத்துக்கொண்டு ஆடிப் பழகியவன் நான்.

அண்ணே, ஹார்ட்கோல்ட் ஆட்டத்தில் விட்னி என்ற எதிராளியின் மில்டாங்க்கிடம் ஒன்பது தடவை தோற்றுவிட்டேன். லெவல் ஏற்றுவது ஒன்றுதான் வழியா? (காரைக்குடி, பத்தாம் வகுப்பு)

இல்லை தம்பி. அந்த மில்டாங்க் லெவல் 19தான். உன்னை அடிப்பது அதன் லெவல் இல்லை, ரோல்அவுட் என்ற மூவ். முதல் அடியின் பலம் 30, அடுத்தது 60, பிறகு 120, 240, 480 என்று ஐந்து திருப்பத்துக்கு இரட்டித்துக்கொண்டே போகும். நடுவில் ஒரு அடி தவறினால் மறுபடி முப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதனால் மூன்றாவது அடி வருவதற்குள் எப்படி முறிப்பது என்று மட்டும் யோசி. யூனியன் குகையில் கிடைக்கும் ஜியோடூட்டுக்கு ராக் அடியும் பாதி, நார்மல் அடியும் பாதி, ஆகவே ராக் அடியான ரோல்அவுட், நார்மல் அடியான ஸ்டாம்ப் இரண்டையும் அது தாங்கும். பிடிக்கும்போது பெண்ணாகப் பார்த்துப் பிடி. மில்டாங்க் எப்போதுமே பெண் என்பதால் அதன் அட்ராக்ட் ஆண் போக்கிமானை மட்டும்தான் மயக்கும். இதைக் கவனிக்காமல்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள்.

இன்னொரு வழியும் விட்னியின் ஊரான கோல்டன்ராடிலேயே இருக்கிறது. ஊருக்குத் தெற்கே ரூட் 34இல் ஒரு டிரவ்சியைப் பிடித்துக்கொண்டு டிபார்ட்மென்ட் ஸ்டோரின் ஐந்தாவது மாடிக்குப் போனால், அதை வாங்கிக்கொண்டு ஒரு மச்சாப் தருவார்கள். அதுவும் பெண். ஃபைட்டிங் டைப் என்பதால் ரோல்அவுட் அதற்குப் பாதிதான், அது திருப்பி அடிப்பதோ இரண்டு மடங்கு. கோஸ்ட் டைப்பை இறக்கினால் நார்மல் அடி படாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. இந்த ஆட்டத்தில் மில்டாங்க்கின் ஸ்க்ராப்பி திறன் கோஸ்ட்டையும் அடிக்கும்.

கம்ப்யூட்டர் உண்மையிலேயே யோசிக்கிறதா? (தேவகோட்டை)

மதிப்பெண் போடுகிறது, அவ்வளவுதான். மூன்றாம், நான்காம் தலைமுறை ஆட்டங்களில் ஒவ்வொரு மூவுக்கும் முதலில் 100 கொடுத்துவிட்டு, இது எதிரியின் டைப்பைப் பாதிக்குமா, இதிலேயே விழுத்திவிடலாமா என்று பார்த்துக் கூட்டும், கழிக்கும். மிஞ்சியதில் எது அதிகமோ அதை எடுக்கும். நேற்று நீ என்ன செய்தாய் என்பது அதற்கு நினைவே இருக்காது.

முதல் தலைமுறை ஆட்டங்களான ரெட், ப்ளூவில் இது இன்னும் மோசம். எதிரிக்கு எந்த டைப் ஆகாதோ அந்த டைப் மூவை எடுக்கும், ஆனால் அது அடிக்கிற மூவா என்று பார்க்காது. 2014இல் ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பட்டன் அழுத்தி ரெட் ஆடினார்களே, அதில் கம்ப்யூட்டர் எதிராளி லான்ஸின் டிராகனைட்டை ஒரு வெனோமாத் வீழ்த்தியது இப்படித்தான். வெனோமாத்தில் பாய்சன் இருக்கிறது, பாய்சனுக்கு சைக்கிக் ஆகாது. டிராகனைட்டிடம் இருந்த சைக்கிக் மூவ்களோ அஜிலிட்டியும் பேரியரும்தான், இரண்டிலும் ஒரு அடிகூட விழாது. அது அதையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்க, இந்தச் சின்னப் பூச்சி கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்றுவிட்டது. கம்ப்யூட்டருக்கு எதை அடிக்க ஆசையோ அதையே முன்னால் காட்டி ஏமாற்றலாம் என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

என் பேரனுக்கு ஒன்பது வயது. தோற்றுத் தோற்று அழுகிறான், ஏதாவது செய்யலாமா? (கானாடுகாத்தான்)

ஆச்சி, பெரும்பாலான போக்கிமான் ஆட்டங்களின் செட்டிங்ஸில் பேட்டில் ஸ்டைல் என்று ஒன்று இருக்கும். அது செட் என்று இருந்தால் ஷிஃப்ட் என்று மாற்றிவிடுங்கள். எதிரியின் போக்கிமான் ஒன்று விழுந்ததும் அடுத்து என்ன வருகிறது என்று சொல்லி, இவனுடையதை மாற்ற ஒரு வாய்ப்புத் தரும். பெரிய சண்டைக்கு முன்னால் சேவ் செய்யவும் சொல்லுங்கள். மூன்று தடவை தோற்றால் அன்றைக்குப் போதும். ஒரு வெள்ளைப் பணியாரம் கொடுத்து எழுப்பிவிடுங்கள், மறுநாள் காலையில் தெளிவாக ஆடுவான்.

பிரில்லியன்ட் டைமண்ட் ஆட்டத்தில் எதிராளி சிந்தியாவின் கார்ச்சாம்ப்! ஐஸ் அடி நாலு மடங்கு என்றார்கள், அடித்தும் விழவில்லையே? (பொன்னமராவதி, கல்லூரி மாணவி)

தங்கச்சி, நானும் இதே இடத்தில் விழுந்து எழுந்தேன். தோற்ற ஆட்டங்களை எழுதி வைக்கும் என் நோட்டை எடுத்துப் பார்த்தேன், அந்தப் பக்கத்தில் "ஐஸ் அடித்தேன், பச்சையாக ஏதோ தின்றது, பிழைத்தது" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அது யாச்சி பெர்ரி என்ற பழம். ஐஸ் அடி முதல் தடவை விழும்போது பாதியாகக் குறைத்துவிடும். பிழைத்துக்கொண்டு ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் என்ற மூவைப் போட்டுவிட்டால் தாக்கும் பலம் இரண்டு மடங்கு, அதற்கப்புறம் உன் அணி வரிசையாக விழும்.

இப்போது அதன் மற்ற மூன்று மூவ்களைப் பார்: டிராகன் கிளா, எர்த்குவேக், பாய்சன் ஜாப். ஃபேரியை இறக்கினால் டிராகன் படாது, ஆனால் ஃபேரிக்கு பாய்சன் ஆகாது, அதற்காகவேதான் சிந்தியா பாய்சன் ஜாப் வைத்திருக்கிறாள். இந்த மூன்றையும் சேர்த்துத் தாங்குவது எது என்று ஒரு ராத்திரி முழுக்க டைப் அட்டவணையோடு உட்கார்ந்தேன். லெவிடேட் திறன் உள்ள ப்ரான்சாங். ஸ்டீல் என்பதால் பாய்சன் படவே படாது, மிதப்பதால் எர்த்குவேக் படாது, டிராகன் பாதிதான். அதனிடம் கைரோ பால் இருந்தால் இன்னும் நல்லது. எதிரி எவ்வளவு வேகமோ, நாம் எவ்வளவு மெதுவோ அவ்வளவு பலமாக விழும் அடி அது. கார்ச்சாம்ப் பறக்கிற வேகம், ப்ரான்சாங் நம் ஊர்த் தேர் மாதிரி. முதலில் கைரோ பாலால் இறக்கு, மிச்சத்துக்கு ஐஸ் அடி. பெர்ரி தின்றாலும் அப்போது தாங்காது.

அல்ட்ரா சன் ஆட்டத்தில் அல்ட்ரா நெக்ரோஸ்மாவை எப்படி வீழ்த்துவது? (புதுக்கோட்டை)

ஸோரோஆர்க் கொண்டு போ. அணியில் கடைசியாக ஒரு பாய்சன் டைப்பை வை. ஸோரோஆர்க் அந்த உருவத்தில்தான் களத்தில் இறங்கும். நெக்ரோஸ்மா பாய்சன் என்று நம்பி சைக்கிக் அடியைப் போடும், உள்ளே இருப்பதோ டார்க், ஒன்றும் படாது. அடி படாத வரை வேஷமும் கலையாது. டார்க் அடியால் திருப்பிக் கொடு, அதற்கு இரண்டு மடங்கு.

பேட்டில் டவரில் நல்ல அணி இருந்தும் பாதியில் தோற்கிறேன். (திருப்பத்தூர்)

உன் அணியில் ஃபயர் பிளாஸ்ட் இருப்பதாக எழுதியிருந்தாய், அதை எடுத்துவிட்டு, குறி தவறாத ஃப்ளேம்த்ரோவர் வை. ஃபயர் பிளாஸ்ட் 85 சதவீதம் படும் என்றால் நிறைய என்றுதான் தோன்றும், ஆனால் ஐந்து தடவை தொடர்ந்து பட 44 சதவீதம்தான் வாய்ப்பு. ஒரு தோல்வி வந்தாலே முதலிலிருந்து எண்ண வேண்டிய இடத்தில் அந்த 15 சதவீதம் என்றாவது ஒரு நாள் வந்தே தீரும்.

எதை எழுதி வைப்பது, எப்படி? ஹார்ட்கோல்டில் சில்வர் மலையில் வரும் ரெட் என்ற எதிராளிக்கு எழுதியதைக் காட்டுங்களேன். (காரைக்குடி)

ஐயா கடையில் பேரேடு எழுதுவதைப் பார்த்து வந்த பழக்கம், இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. இடப்பக்கம் அவன் இறக்கியது, போட்ட மூவ், கையில் இருந்த பொருள். வலப்பக்கம் என்னுடையதில் எது விழுந்தது, எதனால், எது தாங்கும். முதல் தடவை ஜெயிக்கப் போகாதே, இதை நிரப்பத்தான் போகிறாய். ரெட்டின் பிகாச்சு லெவல் 88, கையில் லைட் பால். வோல்ட் டேக்கிள், தண்டர்போல்ட், அயர்ன் டெய்ல், குவிக் அட்டாக் என்று இடப்பக்கம் நிறைந்தது. வலப்பக்கம் தாங்கும் என்ற இடத்தில் குவாக்சயர் என்று ஒரே பெயர். எலக்ட்ரிக் இரண்டும் படாது, அயர்ன் டெய்ல் பாதி. அதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு வரி: வெனுசார் வந்தால் குவாக்சயரை உடனே எடு, புல் அடி நாலு மடங்கு.