வாசலில் செத்துக் கிடக்கும் தேனீக்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புதிதாகத் தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். தினமும் காலையில் வாசல் பலகையிலும் கீழே தரையிலும் நாலைந்து தேனீக்கள் செத்துக் கிடக்கின்றன. நேற்று ஒரு தேனீ இன்னொன்றின் காலைக் கவ்வி வெளியே இழுத்து வந்ததைப் பார்த்தேன். ஒன்றையொன்று கொல்கின்றனவா?

பதில்: பயப்படாதீர்கள், நீங்கள் பார்த்தது பிணம் தூக்குகிற தேனீயை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40,000 தேனீக்கள் உள்ள கூட்டில், வேலை மும்முரமாக நடக்கும் பருவத்தில் ஒரு பணித்தேனீயின் ஆயுள் சுமார் ஆறு வாரம்தான், அப்படியென்றால் நாளொன்றுக்கு ஆயிரம் வரை சாக வேண்டும். பெரும்பாலானவை பூவுக்குப் போன இடத்திலேயே விழுந்துவிடுகின்றன. கூட்டுக்குள் சாகிறவற்றை வெளியேற்றத்தான் இந்த வேலைக்காரர்கள். கூட்டில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இவை இருக்கும், வயது இரண்டு மூன்று வாரம், இதற்கு அடுத்த கட்டம் தேன் தேடி வெளியே பறப்பது.

நான் ஒருமுறை பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை முழுசாகப் பார்த்தேன். செத்த தேனீயின் இறக்கை முளைக்கிற இடத்தைக் கவ்விக்கொண்டு ஒரு தேனீ பின்பக்கமாகவே நடந்து வந்தது, பலகை விளிம்பில் நின்று பிடியை மாற்றியது, கிட்டத்தட்ட தன் எடையே உள்ள சுமையோடு எழும்பி நேராகப் புல்லில் விழுந்தது, அப்புறம் மறுபடி எழும்பித் தாழப் பறந்து வேலியைத் தாண்டிப் போட்டுவிட்டுத் திரும்பியது. வாசலிலேயே போட்டிருக்கலாம், ஆனால் நோய்க்கிருமி இருக்கிற உடலை வீட்டு வாசலில் விட்டுவைக்க அவற்றுக்கு மனம் வருவதில்லை. முடிந்தவரை தூரமாகக் கொண்டு போகின்றன. உங்கள் வாசலில் கிடக்கும் நாலைந்தும் தூக்க முடியாமல் நழுவியவையாகவோ, இரவில் இழுத்து வந்து விட்டவையாகவோ இருக்கும்.

உள்ளே கும்மிருட்டு. செத்ததை எப்படி அடையாளம் காண்கின்றன? வாசனையால்தான். உடல் கெடும்போது வரும் ஒலீயிக் அமிலம் ஒரு தடயம். ஆனால் அதற்கும் முன்னாலேயே கண்டுபிடித்துவிடுகின்றன. நம் நாட்டு இனமான அடுக்குத் தேனீயை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், செத்து அரை மணி நேரத்துக்குள்ளேயே பிணம் தூக்கிகள் வந்துவிட்டன. உயிர் போனதும் உடல் ஆறுகிறது, தோலில் உள்ள மெழுகு வாசனையும் குறைகிறது, அந்தக் குறைவே அவற்றுக்குச் செய்தி. செத்த உடலைச் சூடாகவே வைத்திருந்தபோது தூக்குவது தாமதமானதாம்.

எதற்குக் கவலைப்பட வேண்டும் என்றால், எண்ணிக்கையை விட எது வெளியே வருகிறது என்று பாருங்கள். பருத்த உடலும் பெரிய கண்ணும் உள்ளவை ஆண் தேனீக்கள், தீனி குறையும் காலத்தில் அவற்றைத் துரத்திவிடுவது வழக்கம். சுண்ணாம்புக் கட்டி மாதிரி இறுகிய வெள்ளைப் புழுக்கள் வந்தால் பூஞ்சை நோய். திடீரென ஒரே நாளில் நூற்றுக்கணக்கில், நாக்கு வெளியே நீட்டிக் கிடந்தால், பூச்சிமருந்து பட்டிருக்கலாம், உடனே அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: தேனீக்கள் கூட்டுக்குள்ளேயேதானே கழிவு போகும்? அந்தத் தேனைத்தானே சாப்பிடுகிறோம்?

பதில்: இல்லை. ஆரோக்கியமான பணித்தேனீ கூட்டுக்குள் மலம் கழிப்பதில்லை, வெளியே பறந்துதான் கழிக்கும். குளிர் நாடுகளில் வாரக்கணக்கில் வெளியே வர முடியாதபோதும் அடக்கி வைத்திருக்கும், வெயில் அடித்த முதல் நாள் பனிமேல் மஞ்சள் புள்ளிகளாக இருக்கும். உள்ளேயே கழிவு தெரிந்தால் வயிற்று நோய் என்று பொருள்.

புழுக்களைப் பற்றித்தான் எனக்கு வியப்பு. தின்று வளர்கிற காலம் முழுக்கப் புழுவின் குடல் பின்பக்கம் அடைத்தே இருக்கும். தீனி முடிந்து அறைக்கு மூடி போட்ட பிறகுதான் திறக்கும், மொத்தமும் ஒரே தடவையில் அறையின் அடியில் போய்விடும். அதனால் அது தின்கிற கூழ் கெடுவதில்லை. அந்த அறையைத் துடைத்துத் தயார் செய்வதுதான் புதிதாகப் பிறந்த தேனீயின் முதல் வேலை.

இந்தக் கழிவால் ஒரு பெரிய அரசியல் சண்டையே நடந்தது. 1981-ல் லாவோஸிலும் கம்போடியாவிலும் மஞ்சள் மழை பெய்வதாகவும், அது சோவியத் நாடு கொடுத்த நச்சு ஆயுதம் என்றும் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹெய்க் குற்றம் சாட்டினார். மாத்யூ மெசல்சன், தாமஸ் சீலி முதலான விஞ்ஞானிகள் இலைகளில் கிடைத்த மஞ்சள் புள்ளிகளை ஆராய்ந்தபோது மகரந்தத்தின் வெற்று ஓடுகள்தான் இருந்தன. மலைத்தேனீக்கள் கூட்டமாகப் பறந்து கழித்த எச்சம் அது. 1984-ல் தாய்லாந்து போனபோது அப்படி ஒரு மழையில் அவர்களே நனைந்தார்கள்.

கேள்வி: உண்ணிக்கு மருந்து போடுவதா, தேனீயே பார்த்துக்கொள்ளுமா?

பதில்: எந்தத் தேனீ என்பதைப் பொறுத்தது. வர்ரோவா உண்ணி முதலில் அடுக்குத் தேனீயின் ஒட்டுண்ணி, இரண்டும் வெகுகாலம் சேர்ந்தே வாழ்ந்தவை. உடலில் உண்ணி ஏறினால் அடுக்குத் தேனீ காலால் தட்டும், முடியாவிட்டால் உடம்பை ஆட்டி மற்றவற்றைக் கூப்பிடும், அவை வந்து தாடையால் பிடுங்கும். வெளிநாட்டு இனமான இத்தாலியத் தேனீயிடம் இந்தத் திறமை குறைவு, அதனால் அதன் கூடுகள் உண்ணியால் அழிகின்றன. இரண்டிலும் சில கூடுகள் மூடிய அறைக்குள் கெட்டுப்போன புழுவை மோப்பம் பிடித்து, மூடியைக் கடித்துத் திறந்து இழுத்துப் போட்டுவிடும். இது பிறவிக் குணம் என்று 1964-லேயே வால்டர் ராத்தன்புலர் என்ற விஞ்ஞானி காட்டினார். சோதிக்க, மூடிய புழு அடையில் ஒரு சிறு பகுதியை உறையவைத்துக் கொன்று திரும்ப வையுங்கள். 24 மணி நேரத்தில் 95 சதவீதத்துக்கு மேல் காலியானால் அருமையான ராணி, அதன் வழியையே பெருக்குங்கள். இல்லையென்றால் உண்ணியை எண்ணிப் பார்த்து, தேவையானால் மருந்து போடத்தான் வேண்டும்.

கேள்வி: பூவை விட்டு எழுந்த தேனீ அந்தரத்திலேயே காலைத் தேய்க்கிறதே, என்ன செய்கிறது?

பதில்: உடம்பில் ஒட்டிய மகரந்தத்தைச் சீவுகிறது. தேனீயின் மேல் கிட்டத்தட்ட 30 லட்சம் மயிர்கள். முன்காலில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது, அதற்குள் உணர்கொம்பை வைத்து உருவி எடுக்கும். தலையிலும் மார்பிலும் சீவிய தூள் தேனில் குழைந்து, பின்காலுக்குப் போய் அங்கே கூடை மாதிரி உள்ள இடத்தில் உருண்டையாகிவிடும். முதுகில் இறக்கைகளுக்கு நடுவே மட்டும் கால் சரியாக எட்டாது. பல செடிகளுக்கு அடுத்த பூவுக்கு மகரந்தம் போய்ச் சேருவது அந்த விட்டுப்போன தூளால்தான்.

கேள்வி: பெட்டிக்குள் எலி செத்துக் கிடந்தால்?

பதில்: இத்தாலியத் தேனீ தூக்க முடியாத உடலை மரப்பிசினால் பூசி மூடிவிடும், காய்ந்து கருவாடாகிவிடும், நாற்றமே இருக்காது. அடுக்குத் தேனீ பிசின் சேர்ப்பதில்லை. உங்களுடையது அடுக்குத் தேனீ என்றால் அன்றைக்கே பெட்டியைத் திறந்து நீங்கள்தான் எடுத்துப் போட வேண்டும்.