இன்ஸ்பெக்டா டெக்கின் முதல் தனி ஆல்பம் ஏன் விமர்சகர்களிடம் எடுபடவில்லை?

வூ-டாங் கிளான் என்ற நியூயார்க் ராப் குழுவின் பழைய பாட்டுகளைக் கேட்ட சூட்டோடு இதையும் போட்டு ஏமாந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் முதல் தடவை பாதியில் நிறுத்தியவன்தான்.

1997-இல் வந்த அந்தக் குழுவின் 'டிரையம்ஃப்' பாட்டில் முதல் ராப் பகுதியைப் பாடுபவர், குழுவில் ஒருவரான டெக். அந்தத் தொடக்கத்துக்காகவே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் அதே குழுவின் ரேக்வானுக்கும் ஜிஸாவுக்கும் 1995-லேயே தனி ஆல்பம் வந்து பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டது. டெக்கின் 'அன்கன்ட்ரோல்ட் சப்ஸ்டன்ஸ்' வர 1999 ஆனது. காரணம் தண்ணீர். குழுவுக்கு இசை போட்ட ரிஸாவின் வீட்டு நிலத்தடி ஸ்டுடியோவில் வெள்ளம் புகுந்து, டெக்குக்காகப் போட்டு வைத்திருந்த பீட்டுகள் (ராப்புக்குப் பின்னால் ஓடும் இசை) அழிந்தன. வெளிவந்த ஆல்பத்தில் ரிஸாவின் பீட் ஒன்றிரண்டுதான். பலவற்றை டெக்கே போட்டார். வரிகளைப் பாராட்டியவர்கள்கூட, இசை அவர் குரலுக்கு ஈடுகொடுக்கவில்லை என்றார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். 2015 டிசம்பர் 1 ராத்திரி, செம்பரம்பாக்கம் தண்ணீர் அடையாற்றில் வந்தபோது ஜாபர்கான்பேட்டையில் தரைத்தள வீட்டில் இருந்தோம். அம்மாவையும் பாட்டியையும் மாடியேற்றினேன். நான் போட்ட பீட்டுகளைச் சேர்த்து வைத்து, கம்ப்யூட்டர் மேசைக்குக் கீழே இருந்த ஹார்ட் டிஸ்க் நினைவுக்கே வரவில்லை. நாலாம் நாள் எடுத்தபோது, மேலே ஒட்டிய பேப்பரில் நான் எழுதிய 'பீட் 1 - 46' ஊதாக் கறையாகக் கரைந்திருந்தது. மூலையைச் சாய்த்தால் சேறு சொட்டியது. அம்மா துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தார். பிழைக்கவில்லை. வீட்டுக்காரரோ, சுவரில் இடுப்புயரத்துக்கு நின்ற ஈரக்கோடு காய்வதற்குள் வாடகையை ஐநூறு ரூபாய் ஏற்றினார். அது இன்னும் ஆறவில்லை.

ஞாபகத்தில் இருந்ததை வைத்துப் பதினோரு பீட் திரும்பப் போட்டேன். தாளக்கட்டு வந்தது. ஆனால் பழைய டேப்பிலிருந்து வெட்டியெடுத்த அந்த உறுமிச் சத்தம் திரும்பக் கிடைக்கவே இல்லை. கேட்ட நண்பன், "முன்னாடி இருந்த கெத்து இல்லடா" என்றான்.

என்னை டெக்கோடு ஒப்பிடுவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆல்பத்தில் குறையே இல்லை என்றும் சொல்லவில்லை; நடுவில் சில பாட்டுகள் தொய்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விமர்சகர்கள் எதிர்பார்த்த ஆல்பம் தண்ணீரோடு போய்விட்டது. கையில் கிடைத்ததை அதோடு ஒப்பிட்டு மார்க் போட்டார்கள்.

'ஷோ அண்ட் ப்ரூவ்' பாட்டை மட்டும் ஹெட்ஃபோன் போட்டு இன்னொரு தடவை கேளுங்கள். மூச்சு எங்கே வாங்குகிறார் என்று கவனியுங்கள்.